சிங்கப்பூர் உணவங்காடிகளில் புதிய உணவுகளை அறிந்து உண்பது எப்படி? முதன்முறை செல்வோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூருக்குச் சுற்றுலா செல்லும் தமிழகக் குடும்பங்கள் பல, மூன்று வேளையும் இந்தியர் வட்டாரமான சிராங்கூன் சாலையிலேயே உண்டுவிட்டு ஊர் திரும்புகின்றன. 1924-இல் தொடங்கிய ஆனந்த பவனும் 1947-இல் தொடங்கிய கோமள விலாசும் இன்றும் இயங்கும் வட்டாரம் அது. அங்கே கிடைக்கும் இட்லி தோசையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆயினும் சீன, மலாய், பெரனாக்கான் (சீன-மலாய்க் கலப்பு மரபு), தமிழ் முஸ்லிம் சமையல்கள் நான்கையும் உணவங்காடி ஒன்றின் ஒரே கூரையின் கீழ், பெரும்பாலும் ஒரு தட்டு 4 முதல் 7 வெள்ளிக்குள் உண்டு பார்க்கும் வாய்ப்பு வேறு ஊர்களில் எளிதில் அமைவதில்லை. (சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர்கள் வெள்ளி என்றே சொல்வார்கள், நாமும் அப்படியே சொல்வோம்.)

தயங்குபவர்களிடம் பேசிப் பார்த்தால், ருசியைப் பற்றிய அச்சம் அவர்களுக்குக் குறைவாகவே இருப்பது தெரியும். தட்டில் இருப்பது என்ன, அதை எப்படிக் கேட்டு வாங்குவது, பிடிக்காமல் போனால் என்ன செய்வது என்பவைதான் அவர்களைத் தடுக்கின்றன. இவற்றுக்கு என் அனுபவத்தில் சிறந்த மருந்து, உண்ணும் வரிசையை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்வது. நாவுக்கு ஏற்கெனவே பழக்கமான ஏதோ ஒன்று இருக்கும் உணவில் தொடங்கி, ஒவ்வொரு வேளையும் ஒரே ஒரு புதுமையை மட்டும் சேர்த்துக்கொண்டு போக வேண்டும். வந்து இறங்கிய அன்றே சிப்பி, கடும் மணமுள்ள டுரியான் பழம் என்று துணிபவர்கள்தான் மறுநாள் தயிர்ச்சாதம் தேடி அலைகிறார்கள்.

முதலில், இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

உணவங்காடி நிலையம் என்பது திறந்த பக்கங்களும் பெரிய கூரையும் கொண்ட ஒரு கூடம். சுற்றிலும் வரிசை வரிசையாகச் சிறு கடைகள், நடுவே எல்லாருக்கும் பொதுவான மேசைகள். 1960-களின் இறுதியில் தெருவோர உணவு வியாபாரிகளைப் பதிவு செய்யத் தொடங்கிய அரசு, 1971-க்கும் 1986-க்கும் இடையில் குழாய்த் தண்ணீரும் கழிவுநீர் வசதியும் உள்ள இத்தகைய நிலையங்களைக் கட்டி அவர்களைக் குடியமர்த்தியது. இப்போது நூற்றுக்கும் மேற்பட்ட நிலையங்கள் உள்ளன. இந்த உணவுப் பண்பாட்டை 2020 டிசம்பரில் யுனெஸ்கோ தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

உண்ண வருபவர் இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தள்ளுவண்டியில் ஒரே பண்டத்தை விற்றவர்கள், நிலையத்துக்குள் வந்த பிறகும் அதே ஒரு பண்டத்தையே விற்றார்கள். ஆகவே நல்ல கடை பெரும்பாலும் ஒன்றிரண்டு உணவுகளை மட்டுமே செய்யும். ஒரே கை பல ஆண்டுகளாக அதையே செய்துகொண்டிருக்கும். நாற்பது படங்கள் ஒட்டிய கடையைவிட நான்கு வரிப் பலகை தொங்கும் கடையை நம்பலாம். 2016-இல் இத்தகைய இரண்டு சிறு கடைகளுக்கு, சிறந்த உணவகங்களுக்கு வழங்கப்படும் மிச்சிலின் நட்சத்திரம் கிடைத்தது. அவற்றுள் ஒன்று, சைனாடவுன் காம்ப்ளெக்ஸ் கட்டடத்தில் சோயா சாற்றில் வெந்த கோழியைச் சோற்றுடன் இரண்டு வெள்ளிக்கு விற்றுவந்த கடை.

எங்கே, எப்போது போவது

முதல் நாளுக்குத் தேக்கா நிலையமே பொருத்தம். லிட்டில் இந்தியா எம்ஆர்டி (நகர ரயில்) நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. தமிழ் பேசிச் சாப்பாடு வாங்கலாம். பக்கத்திலேயே உள்ள ஈரச்சந்தையில் சிங்கப்பூர்ச் சமையலறைக்குப் போகும் மீனையும் கீரையையும் பார்க்கவும் முடியும். இரண்டாம் நாளுக்கு சைனாடவுன் அருகிலுள்ள மேக்ஸ்வெல் நிலையம். கூட்டத்தைப் பொருட்படுத்தாதவர்களுக்கு, 150-க்கும் மேற்பட்ட கடைகள் உள்ள ஓல்டு ஏர்போர்ட் ரோடு நிலையம். மாலை வேளைக்கு லாவ் பா சாட். 1894-இல் எழுந்த எண்கோண வடிவ வார்ப்பிரும்புக் கட்டடம் அது. விலை மற்ற இடங்களைவிடச் சற்று அதிகம்.

காலை 11 மணி நல்ல நேரம். 12 முதல் 1.30 வரை அலுவலகக் கூட்டம் மொய்க்கும். இரண்டு மணிக்கு மேல் போனால் நல்ல கடைகளில் பொருள் தீர்ந்திருக்கும். திங்கட்கிழமை விடுமுறை விடும் கடைகள் நிறைய. நிலையங்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை துப்புரவுப் பணிக்காகச் சில நாட்கள் முழுமையாக மூடப்படுவதால், தொலைவிலிருந்து கிளம்புவதற்கு முன் அன்று திறந்திருக்கிறதா என்று இணையத்தில் பார்த்துக்கொள்வது அவசியம்.

இருக்கை, காசு, தட்டு

காலி மேசையில் ஒரு காகிதக் கைக்குட்டைப் பொட்டலமோ குடையோ கிடந்தால், அந்த இருக்கைக்கு ஆள் இருக்கிறார் என்று பொருள். ஊரே ஏற்றுக்கொண்ட வழக்கம் இது. அதை நகர்த்திவிட்டு உட்காரக் கூடாது. நீங்களும் அப்படியே வைத்துவிட்டு உணவு வாங்கப் போகலாம். கடைகளில் கை துடைக்கக் காகிதம் தருவதில்லை என்பதால் அந்தப் பொட்டலம் உங்களுக்கு இரண்டு வகையில் உதவும். ஆறு பேர் அமரும் மேசையில் மூன்று இடம் காலியாக இருந்தால், இருப்பவரிடம் கேட்டுவிட்டு உட்காரலாம். அங்கே யாரும் அதை அத்துமீறலாக நினைப்பதில்லை.

பணத்தை வாங்கும்போதே கொடுத்துவிட வேண்டும். உள்ளூரார் கைப்பேசியில் செலுத்துவார்கள். பயணிகள் சில்லறையும் சிறு நோட்டுகளும் வைத்திருப்பது நல்லது. பலகையில் மூன்று விலைகள் இருந்தால் அவை சிறிய, நடுத்தர, பெரிய அளவுகளுக்கானவை. புதிய உணவு எதையும் சிறிய அளவில் மட்டும் வாங்குங்கள். நால்வர் சேர்ந்து போனால் ஆளுக்கொரு கடையில் ஒவ்வொரு சிறிய தட்டு வாங்கி நடுவில் வைத்துப் பகிர்ந்துகொண்டால், ஒரே வேளையில் நான்கு உணவுகளை அறியலாம். ஒன்று பிடிக்காமல் போனாலும் யாரும் பட்டினி கிடக்க மாட்டார்கள். நண்டு, இறால், திருக்கை போன்றவற்றை எடை போட்டு விற்கும் கடைகளில், நூறு கிராம் என்ன விலை, நீங்கள் சுட்டிக்காட்டியது எத்தனை கிராம் என்று இரண்டையும் சமைப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வெளியூர்க்காரர்கள் வருத்தத்துடன் எழுந்து போவது பெரும்பாலும் இந்தக் கடைகளிலிருந்துதான்.

உண்டு முடித்ததும் தட்டை அதற்குரிய அடுக்கில் கொண்டுபோய் வைக்க வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இது சட்டப்படி கட்டாயம். மீறினால் எச்சரிக்கையும் தொடர்ந்தால் அபராதமும் உண்டு. ஹலால் கடைத் தட்டுகளுக்கும் மற்றவற்றுக்கும் தனித்தனி அடுக்குகள் இருக்கும். அவற்றை மாற்றி வைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: காலைக் கோப்பி

அறிமுகத்துக்குக் காலை உணவைவிட எளியது இல்லை. காப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் வெண்ணெய் அல்லது மார்கரினும் சேர்த்துக் கரிய நிறம் வரும்வரை வறுத்து, நீண்ட துணி வடிகட்டியில் வடித்து இறக்குவதுதான் இங்கே கோப்பி. நம் ஊர் டிகாக்ஷனைவிடக் கருகல் மணம் தூக்கலாக இருக்கும்.

வெறும் "கோப்பி" என்று கேட்டால் கெட்டிப்பால் எனப்படும் இனிப்புப் பால் சேர்த்துத் தருவார்கள். "கோப்பி ஓ" என்றால் பால் இல்லாமல் சர்க்கரையுடன். "கோப்பி சி" என்றால் இனிப்பற்ற சுண்டிய பாலும் சர்க்கரையும். சர்க்கரை வேண்டாம் என்றால் இறுதியில் "கோசோங்" என்று சேர்க்க வேண்டும். குறைவாகப் போதும் என்றால் "சியூ தாய்". தூக்கலான டிகாக்ஷன் வேண்டுமானால் "காவ்". பனிக்கட்டி போட்டது வேண்டுமானால் "பெங்". தேநீருக்குக் கோப்பி என்ற இடத்தில் "தே" என்று மாற்றிக்கொண்டால் போதும். நீரிழிவு உள்ள பெரியவர்களை அழைத்துச் செல்வோர் "கோப்பி சி கோசோங்" என்ற தொடரை மட்டுமாவது மனப்பாடம் செய்துகொள்ளலாம். நம் ஊரின் சர்க்கரையில்லாக் காப்பிக்கு மிக அருகில் வருவது அதுதான்.

அதனுடன் காயா ரொட்டி வாங்குங்கள். தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை, பாண்டான் (ரம்பை) இலை சேர்த்துக் கிண்டிய காயாவை, தணலில் வாட்டிய மெல்லிய ரொட்டியில் தடவி, நடுவே குளிர்ந்த வெண்ணெய்த் துண்டு ஒன்றை வைத்துத் தருவார்கள். கூடவே வரும் அரைவேக்காட்டு முட்டைகள் இரண்டையும் தட்டில் உடைத்து ஊற்றி, சில சொட்டு சோயாச் சாறும் வெள்ளை மிளகுத்தூளும் தூவி, கரண்டியால் கலக்கிக் குடிப்பதுபோல் உண்பார்கள். வெள்ளைக்கரு முழுமையாக இறுகியிருக்காது. அது ஒவ்வாதவர்கள் ரொட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இரண்டாம் படி: நம்மவர் கையில் உருமாறிய உணவுகள்

இந்தப் படியில் சற்று நேரம் செலவிடுவது நல்லது என்பது என் கருத்து. கடையநல்லூர், தென்காசி போன்ற ஊர்களிலிருந்தும் கடலோர ஊர்களிலிருந்தும் சென்று குடியேறிய தமிழ் முஸ்லிம்கள், அங்கே கிடைத்த சீன நூடுல்ஸையும் மலாய்ச் சாந்துகளையும் எடுத்து, இந்தியாவில் எங்கும் கிடைக்காத "இந்திய" உணவுகளை உருவாக்கினார்கள். நமக்குப் பாதி தெரிந்த உணவு என்பதால் இதைவிட நல்ல பாலம் கிடையாது.

இந்தியன் ரோஜாக் கடையில் கண்ணாடிக்குப் பின்னால் வடை, மாவில் தோய்த்துப் பொரித்த உருளைக்கிழங்கு, இறால் பதிந்த பொரியல், டெம்பே எனப்படும் புளித்த சோயாக் கட்டி, அவித்த முட்டை எல்லாம் குவிந்திருக்கும். வேண்டியதை நீங்களே ஒரு தட்டில் எடுத்துக் கொடுத்தால், கடைக்காரர் அவற்றை மீண்டும் எண்ணெயில் சூடாக்கி, பெரிய கத்தியால் மளமளவென்று நறுக்கி, வெள்ளரி, வெங்காயம், பச்சை மிளகாய்த் துண்டுகளுடன் தருவார். தொட்டுக்கொள்ளச் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் மிளகாயும் வேர்க்கடலையும் சேர்த்துக் காய்ச்சிய, இளஞ்சூடான செந்நிறக் குழம்பு ஒரு கிண்ணத்தில் வரும். வடையை இனிப்பும் காரமுமான குழம்பில் தோய்ப்பதற்கு முதல் வாயில் மனம் ஒப்பாது. மூன்றாம் வாயில் கிண்ணத்தை இன்னொரு முறை நிரப்பச் சொல்லிக் கேட்பீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் தனித்தனி விலை என்பதால் அளவாக எடுங்கள்.

மீ கோரெங் என்பது மஞ்சள் நிறக் கோதுமை நூடுல்ஸைத் தக்காளிச் சாறு, மிளகாய் விழுது, முட்டை, உருளைக்கிழங்கு, ஆட்டிறைச்சித் துண்டுகளுடன் பெருந்தீயில் புரட்டுவது. பரோட்டாவின் சிங்கப்பூர் உறவான பிராட்டா, நம்முடையதைவிடத் தட்டையாகவும் மொறுமொறுப்பாகவும் இருக்கும். முட்டையும் இறைச்சியும் அடைத்த பரோட்டாவான முர்தபாக் வேண்டுமானால் உணவங்காடியை விட்டு வெளியே வந்து, சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே நார்த் பிரிட்ஜ் சாலைக்குப் போக வேண்டும். அங்குள்ள ஸம் ஸம் உணவகம் 1908-இலிருந்து நடக்கிறது. துணிச்சலுள்ள அசைவர்கள் கோல்டன் மைல் நிலையத்தில் சூப் துலாங் கேட்கலாம். செக்கச்செவேலென்ற மசாலாவில் வெந்த ஆட்டெலும்புகளைக் கையால் எடுத்து, உள்ளிருக்கும் மஜ்ஜையை உறிஞ்சுகுழலால் இழுத்து உண்ண வேண்டும். அன்று வெள்ளைச் சட்டை வேண்டாம்.

மீன் தலைக் கறியும் இந்த வகையில் சேர்ந்ததே. கேரளத்திலிருந்து சென்ற உணவகக்காரர் ஒருவர், மீன் தலையை விரும்பி உண்ணும் சீனர்களுக்காக 1949-ஐ ஒட்டி நம் மசாலாவில் அதைச் சமைத்து அறிமுகப்படுத்தினார் என்பது அங்கே பரவலாகச் சொல்லப்படும் வரலாறு.

மூன்றாம் படி: காரம் குறைந்த அண்டை வீட்டு உணவுகள்

ஹைனான் கோழிச்சோறு பார்வைக்கு ஏமாற்றம் தரும்: வெள்ளைச் சோறு, வெளிறிய கோழி, நான்கு வெள்ளரித் துண்டுகள். சுவை சமையல் முறையில் அடங்கியிருக்கிறது. முழுக் கோழியைக் கொதிக்க விடாமல், கொதிநிலைக்குச் சற்றுக் கீழே உள்ள நீரில் மெல்ல வேகவைத்து, உடனே பனிநீரில் ஆழ்த்துவார்கள். தோலுக்கும் சதைக்கும் இடையே ஒரு மெல்லிய கூழ்ப்படலம் உறைவதும், மார்புச் சதைகூட வறண்டு போகாமல் இருப்பதும் இதனால்தான். எலும்பை ஒட்டிச் செந்நிறம் தெரிந்தால் நம்மவர்கள் வேகவில்லை என்று தட்டை ஒதுக்கிவிடுவது வழக்கம். மெல்ல வேகும் இளங்கோழியில் எலும்புக்குள்ளிருந்து கசியும் நிறம் அது, சதை வெந்துதான் இருக்கும். அரிசியைக் கோழிக் கொழுப்பில் இஞ்சி, பூண்டோடு வதக்கி, கோழி வெந்த நீரிலேயே பாண்டான் இலை போட்டுச் சமைப்பார்கள். முதலில் சோற்றை மட்டும் தனியாக ஒரு வாய் உண்டு பாருங்கள். பிறகு மிளகாய்ச் சாந்து, இஞ்சி விழுது, கெட்டியான கருஞ்சோயா மூன்றையும் தொட்டுக் கோழியை உண்ணலாம்.

நாசி லெமாக் நமக்கு இன்னும் எளிது. தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, பொரித்த நெத்திலி, வேர்க்கடலை, முட்டை, இனிப்புச் சாயல் கொண்ட சம்பல் எனும் மிளகாய்ச் சாந்து. சாத்தேவுக்கு மாலையில் லாவ் பா சாட்டை ஒட்டிய பூன் டாட் தெருவுக்குப் போங்கள். வண்டிப் போக்குவரத்தை நிறுத்திவிட்டுத் தெரு நடுவிலேயே மேசை போட்டு, கரியடுப்புகளில் குச்சி இறைச்சியை விசிறி விசிறிச் சுடுவார்கள். பெரும்பாலும் பத்துக் குச்சிகளாவது வாங்க வேண்டியிருக்கும். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் கோழியா ஆடா என்று சொல்லி வாங்க வேண்டும்.

நான்காம் படி: மணமும் கடலும்

லக்சாவில் நமக்குத் தேங்காய்ப்பாலும் மஞ்சளும் மட்டுமே பழக்கம். அவற்றோடு உலர்ந்த இறால், பெலாச்சான் எனும் புளித்த இறால் கட்டி, எலுமிச்சைப்புல், பேரரத்தை ஆகியவை சேர்ந்து ஒரு கனமான குழம்பாகி, அதில் தடித்த அரிசி நூடுல்ஸும் இறாலும் மீன் கட்டியும் மிதக்கும். மேலே பொடியாக நறுக்கிய லக்சா இலை. காத்தோங் வட்டாரத்தில் நூடுல்ஸைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டு, கரண்டியால் மட்டுமே உண்ணத் தருகிறார்கள் என்பதால் குச்சி பிடிக்கத் தெரியாதவர்கள் அங்கே தொடங்கலாம். "ஹம்" எனப்படும் சிறு சிப்பிகளை அரைகுறையாகவே வேகவைத்துப் போடுவது வழக்கம். வயிறு மென்மையானவர்களும் கர்ப்பிணிகளும் ஹம் வேண்டாம் என்று சொல்லி வாங்குவதே பாதுகாப்பு.

சார் குவே தியாவ் தட்டையான அரிசி நூடுல்ஸைக் கருஞ்சோயாவில் புரட்டிய உணவு. அடுப்புக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு வாங்குங்கள்: ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு தட்டுக்கு மேல் போடாமல், வாணலி புகையும் சூட்டில் வறுக்கும் கடைதான் நல்ல கடை. மொத்தமாக வறுத்துக் குவித்து வைத்திருந்தால் நகர்ந்துவிடுங்கள். சீனக் கடைகளில் பெரும்பாலும் இதில் பன்றிக் கொழுப்பும் சீனத் தொத்திறைச்சியும் இருக்கும். தவிர்ப்பவர்கள் ஹலால் சான்றிதழ் மாட்டியுள்ள கடையைத் தேட வேண்டும். பலகையில் "கேரட் கேக்" என்று இருப்பது இனிப்பு வகை என்று எண்ண வேண்டாம். வெள்ளை முள்ளங்கியும் அரிசி மாவும் சேர்த்து ஆவியில் வேகவைத்த கட்டியைத் துண்டாக்கி, முட்டையோடு வறுத்துத் தருவது அது. கருப்பு வகையில் இனிப்புச் சோயா சேரும். முதன்முறைக்கு நான் வெள்ளையையே பரிந்துரைப்பேன்.

சைவ உணவினர் கவனிக்க வேண்டியவை

இறைச்சி கண்ணுக்குத் தெரியாத தட்டிலும் உலர்ந்த இறால், மீன் சாறு, சிப்பிச் சாறு, நெத்திலி, பன்றிக் கொழுப்பு ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று இருக்கலாம். ஆகவே சாதாரணக் கடையில் "இறைச்சி இல்லாமல்" என்று கேட்பது போதாது. சைவக் கடையையே நாட வேண்டும். 素 என்ற சீன எழுத்து பலகையில் இருந்தால் அது பௌத்த முறைச் சைவக் கடை. அங்கே பலர் வெங்காயமும் பூண்டும்கூடச் சேர்ப்பதில்லை. ஆனால் சில கடைகளில் முட்டை உண்டு. கோதுமைப் பசையத்திலும் சோயாவிலும் செய்த போலி இறைச்சி, நிறத்திலும் நாரிலும் அசலைப் போலவே இருப்பதால் சிலருக்கு மனம் குமட்டும். அவர்கள் காய்கறியும் டோஃபுவும் மட்டும் சுட்டிக்காட்டி வாங்கலாம்.

வாட்டர்லூ தெருவில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலும் குவான் யின் கோயிலும் அருகருகே இருக்கின்றன. சீன பக்தர்கள் இரண்டிலும் ஊதுவத்தி ஏற்றுவதைப் பார்க்கலாம். அதற்கு அருகிலுள்ள ஃபார்ச்சூன் சென்டர் கட்டடத்தில் சைவக் கடைகள் பல உண்டு. சீன மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பலர் சைவம் கடைப்பிடிப்பதால் அன்று கூட்டம் அதிகமாக இருக்கும்.

இனிப்புகளில் சைவர்களுக்குக் கவலை குறைவு. பனைவெல்லப் பாகும் தேங்காய்ப்பாலும் பச்சை நிறப் பாண்டான் சேவையும் சேர்ந்த செண்டோல், வாயில் வைத்ததும் வெல்லப்பாகு வெடிக்கும் ஓன்டே ஓன்டே, சோயாப் பாலை உறையவைத்த தாவ் ஹுவே ஆகியவற்றை உண்ணாமல் திரும்ப வேண்டாம். மலாய்க்காரர்கள் புத்து மாயாம் என்று விற்பது நம் இடியாப்பம்தான். தேங்காய்த்துருவலும் செம்பழுப்புச் சர்க்கரையும் தூவித் தருவார்கள்.

கடைசிப் படி: டுரியான்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை முக்கியப் பருவம். கிலோ கணக்கில், தோலோடு சேர்த்து எடை போடுவார்கள் என்பதால் விலையைக் கேட்டு அதிராமல், சிறிய பழம் ஒன்றை நால்வர் பகிர்ந்துகொள்ளத் தீர்மானியுங்கள். மாவ் ஷான் வாங் வகை விலை உயர்ந்தது, இனிப்போடு இலேசான கசப்பும் உடையது. முதன்முறைக்கு D24 என்ற வகை போதும். கடைக்காரர் பழத்தில் சிறு முக்கோணம் வெட்டித் திறந்து காட்டுவார். சுளை பளபளவென்றும் விரலால் தொட்டால் மெதுவாகவும் இருக்கிறதா என்று பார்த்த பிறகே முழுவதும் பிளக்கச் சொல்லுங்கள். மணம் பிடிக்காதவர்கள் முதல் சுளையை மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினால் சுவையும் தெரியாமல் போய்விடும். சிறிதளவு எடுத்து நாவில் கரைய விடுவதே மேல். எம்ஆர்டி ரயிலில் டுரியான் கொண்டுசெல்லத் தடை உண்டு. விடுதிகளும் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை. ஆகவே கடைமுன் போட்டிருக்கும் மேசையிலேயே, அவர்கள் தரும் நெகிழிக் கையுறையை மாட்டிக்கொண்டு, வாங்கியதை அங்கேயே உண்டு முடித்துவிடுங்கள்.